பேட்டரி மாத்தப் போறாராம் தொரை

வாலே பேராண்டி, இங்கன உக்காரு. வந்ததும் வராததுமாச் சுவரை எதுக்கு நோட்டம் விடுத? பிளக்கு பாயிண்டு தேடுதியா? எனக்குத் தெரியும்லே. இப்பல்லாம் எளவட்டப் பயலுவ ஒரு வீட்டுக்குப் போனா ஆளைப் பாக்கதில்ல, சுவரைத்தான் பாக்கான். கல்யாண வீட்டுல பந்திக்கு எடம் பிடிச்சது எங்க காலம். ஒங்க காலத்துல சுவிச்சுப் போர்டுக்குப் பக்கத்து நாற்காலிக்கு அடிபிடி. அன்னைக்கி ஒரு பய, மொய் எழுதுறவரு ஃபேன் பிளக்கைப் புடுங்கிட்டுத் தன் போனைச் சொருகிட்டான். அவரு வேர்த்து ஒழுகி, நோட்டுல மை ஊறி, யாரு எம்புட்டு செஞ்சாகன்னே தெரியாமப் போச்சு.

ஒன் போனுக்கு என்ன கேடு? காலையில நூறு காட்டுது. பத்து மணிக்கு நாப்பது. மத்தியானம் சோறு போடுறதுக்குள்ள கண்ண மூடிருது. அப்படித்தான? அதுக்கு ஒரு பவர் பேங்க்கு வேற வாங்கிச் சுமக்க. அது போனை விடக் கனம். இதுல நீயே வீட்டுல வச்சுப் பேட்டரிய மாத்தப் போறன்னு ஒங்கப்பன் சொன்னான். சொல்லும்போதே அவனுக்கு வேர்க்குது.

மாத்து. வேண்டாம்னு நான் சொல்லல. அதுக்கு முன்ன கேக்கதுக்குப் பதில் சொல்லு.

சார்ஜ் சொருகுற ஓட்டைக்குள்ள என்னைக்காவது எட்டிப் பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்ட. ஒன் பேண்டுப் பையில உள்ள பஞ்சும் தூசியும் அதுக்குள்ள போயி அமுங்கி, ஒயரு முழுசா எறங்காமக் கெடக்கும். நீ பேட்டரிய வைவ. போனை அணைச்சிட்டுப் பல்லுக்குத்துற மரக்குச்சிய வச்சுப் பைய நோண்டு. ஊசிய விட்டுத் தொலைச்சிராத, உள்ள இருக்க பின்னு வளைஞ்சிரும். ஒயரை மாத்திப் பாத்தியா? செட்டிங்குல போயி எந்த ஆப்பு பேட்டரியத் திங்குதுன்னு பாத்தியா? அங்கன எழுதித்தான் போட்டிருக்கான். நாலு மணி நேரம் ரீலு பாத்துட்டுப் பேட்டரி நிக்கலன்னு அழுதா, நான் பேட்டரி பக்கம்தான் பேசுவேன்.

இதுல எதுவும் இல்லைன்னா அதுக்கு வயசாயிட்டு. வயசாகுறது குத்தமாலே?

உள்ள நடக்கது சின்ன சமாச்சாரம்தான். ஒரு பக்கம் கோபால்ட்டு கலந்த தகடு. மறுபக்கம் பென்சில்ல இருக்கே கிராஃபைட்டு, அதுல ஒரு தகடு. நடுவுல லித்தியம் போயிட்டு வரும். சார்ஜ் போட்டா இங்கயிருந்து அங்க. நீ பேசுனா அங்கயிருந்து இங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சூண்டு லித்தியம் அங்கனயே ஒரு படலத்துல சிக்கிக்கிட்டுத் திரும்பாது. 500 தடவையிலிருந்து 1000 தடவை முழுசாப் போயி வந்தா, புதுசுல பிடிச்சதுல 80 சதவீதம்தான் பிடிக்கும். சூடு பட்டா இன்னும் வெரசாக் கெடும். நீ என்ன செய்த? பைக்கு ஹேண்டில்ல ஸ்டாண்டு போட்டுச் சித்திரை வெயில்ல காட்டுத. ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுச் சார்ஜ் போடுத. பெறவு கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லுத.

ஒண்ணு சொல்லுதேன் கேளு. 1991-ல சோனிக்காரன் இந்த லித்தியம் பேட்டரிய மொதமொதல் கடைக்குக் கொண்டாந்தான். இதுக்கு வழி கண்ட மூணு பேருக்கு 2019-ல நோபல் பரிசு குடுத்தாக. அதுல ஒருத்தரு ஜான் குட்இனஃப். பரிசு வாங்கையில வயசு 97. அம்புட்டு வயசுல அதுவரைக்கும் யாரும் வாங்குனதில்ல. அந்த வேலைய அவரு செஞ்சது 1980 வாக்குல, அறுவதைத் தொடப் போற வயசுல. நம்ம ஊருல அந்த வயசுக்காரனுக்கு வழியனுப்பு விழா வச்சு, ஒரு சால்வை போத்தி, சுவர்க் கடிகாரம் குடுத்துருவான். கெழவனுக்குப் போனைப் பத்தி என்ன தெரியும்னு அடுத்த தடவை வாயத் தொறக்கும்போது அந்த மனுசனை நெனச்சுக்கோ.

சரி, பேட்டரிக்கு வயசாகும்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், செஞ்சவனுக்கு நல்லாவே தெரியும். அப்போ மாத்த முடியாதபடி அதை எதுக்கு ஒட்டி வச்சான்? இந்தக் கேள்விய யாராவது கேக்கியளா? கேக்க மாட்டிய. கேமராவுல எத்தனை கண்ணுன்னு எண்ணுவிய.

நோக்கியா 1100-னு ஒரு போனு. 2003-ல வந்துது. ஒலகம் பூரா 25 கோடிக்கு மேல வித்துது. தலையில ஒரு டார்ச்சு லைட்டு. ராத்திரித் தண்ணி பாய்ச்சப் போனா வரப்புல பாம்பு கெடக்கா, கயிறு கெடக்கான்னு அதுதான் காட்டும். கீழ விழுந்தா மூணாப் பிரியும்: மூடி, பேட்டரி, போனு. பொறுக்கி மாட்டுனா மறுபடி பேசும். மூடியத் தொறக்க நகம் இருந்தாப் போதும். உள்ள இருந்த பேட்டரிக்குப் பேரு பிஎல்-5சி. இன்னைக்கும் எங்கிட்ட இருக்க எஃப்எம் ரேடியோவுல அதே பேட்டரிதான் ஓடுது. உப்பிப்போச்சுன்னா பஸ் ஸ்டாண்டுக் கடையில வேற வாங்கிப் போடுதேன். யாருகிட்டயும் யோசனை கேக்கதில்ல.

அந்தப் பேட்டரிக்கும் ஒரு தடவை கண்டம் வந்துது. 2007 ஆகஸ்டு மாசம். மட்சுஷிட்டாங்க கம்பெனி செஞ்சு குடுத்ததுல 4 கோடியே 60 லட்சம் பேட்டரி சார்ஜ் போடையில சூடாகலாம்னு நோக்கியாவே அறிவிச்சான். நம்ம ஊருலயும் ஒரே கூப்பாடு. போனை எடுக்கவே பயந்தான் அவனவன். கடைசியில என்ன ஆச்சு? மூடியக் கழட்டுனான், பேட்டரி முதுகுல உள்ள நம்பரைப் பாத்தான், பட்டியல்ல இருந்தா அதை மட்டும் மாத்திக்கிட்டான். சோலி தீந்துது.

ஒம்பது வருசம் கழிச்சு 2016-ல சாம்சங்கு நோட் 7 விட்டான். ஆகஸ்டுல வந்துது. வந்த வேகத்துல தீப்பிடிச்சுது. செப்டம்பர்ல 25 லட்சம் போனைத் திரும்ப வாங்குறேன்னான். மாத்திக் குடுத்த போனும் எரிஞ்சுது. ஏரோப்பிளேன்ல ஏத்தமாட்டேன்னுட்டான். அக்டோபர்ல அந்த மாடலையே ஊத்தி மூடிட்டான். பெறவு ஆராஞ்சு பாத்தா, பேட்டரி செஞ்சவனுவ ரெண்டு பேரு, ரெண்டுலயும் வேற வேற கோளாறு. போனு மேல குத்தமில்லைன்னு அவனே சொன்னான். ஆனாலும் பேட்டரிய மட்டும் கழட்டி வேற போட வழியில்ல, உள்ள ஒட்டிக் கெடக்கு. முழுப்போனும் போச்சு. இந்த ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. எவன்லே முன்னேறுனவன்?

கேட்டா, தண்ணி போகாம இருக்கத்தான் ஒட்டுனோம்ங்கான். நம்பிட்டியா? அதே சாம்சங்கு 2014-ல எஸ்5-னு ஒண்ணு விட்டான். பின்மூடிய நகத்தால தொறக்கலாம். உள்ளுக்குள்ள ரப்பரு ஓரம். ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் கெடந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு அவனே பத்திரம் எழுதிக் குடுத்தான். மறு வருசம் எஸ்6 வந்துது. பேட்டரிய ஒட்டிட்டான். தண்ணி தாங்கும்ங்க பத்திரத்தையும் எடுத்துட்டான்! எனக்கு ரப்பரும் புரியுது, பசையும் புரியுது. இந்த நியாயந்தான் புரியல. ஒல்லியா இருக்கணும்ங்கதுக்காக ஒட்டுனேன்னு சொன்னாக்கூட நான் ஒத்துக்கிடுவேன். அந்த ஒல்லிப் போனுக்கு நீ செங்கல் கனத்துல ஒரு ரப்பர் உறை மாட்டுத, அது வேற கதை.

உண்மையான காரணம் 2019 சனவரியில ஆப்பிள் முதலாளி டிம் குக்கு வாயிலிருந்தே வந்துது. அதுக்கு முன்ன நடந்ததைச் சொல்லணும். பேட்டரி தேஞ்சுபோன பழைய போனை நாங்களே கொஞ்சம் மெதுவா ஓட வைக்கோம்னு 2017 டிசம்பர்ல ஆப்பிள்காரன் ஒத்துக்கிட்டான். கெழட்டுப் பேட்டரி திடீர்னு வேகம் கேட்டாத் தாங்காது, போனு அணைஞ்சிரும், அதுக்குத்தான்னு காரணம் சொன்னான். காரணம் சரிதான். அதை வாங்குனவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? போனு நொண்டுனதும், புதுசு வாங்கணும் போலன்னு சனம் பர்ஸைத் தொறந்துட்டுது. ஊர் கூடி ஏசவும், பேட்டரி மாத்துற கூலிய 79 டாலர்ல இருந்து 29 டாலருக்கு எறக்குனான். ஒரு வருசம் ஓடுச்சு. 2019 பொறந்ததும் டிம் குக்கு பங்குக்காரவுகளுக்குக் கடுதாசி போட்டாரு: நெனச்ச அளவு வருமானம் வரல, அதுக்குப் பல காரணம், அதுல ஒண்ணு சனங்க கம்மி விலையில பேட்டரிய மாத்திக்கிட்டது. வெளங்குதா? பேட்டரிய மாத்துனவன் போனை மாத்தல. கமலையில வால்கயிறு தேஞ்சா நாங்க கயிறைத்தான் மாத்துனோம். கெணத்தையா மாத்துனோம்?

இப்போ ஒன் சங்கதிக்கு வாரேன்.

ஒரு சாமான் பொட்டி வாங்கி வச்சிருக்கியாமே. நூத்திப் பதினஞ்சு முனை வச்ச திருப்புளி. காந்தம் வச்ச விரிப்பு. முன்னால தொங்க ஒரு ஏப்ரானு. ஒன் போனுக்கு வேண்டியது ரெண்டு முனையோ மூணு முனையோ. மிச்சம் நூத்திப் பன்னெண்டும் யாரு வாயில இருக்க மறைய முறுக்கவா? ஆனா ஒன்னை மட்டும் சொல்லி என்ன செய்ய. நீங்களே மாத்திக்கிடுங்க, சாமான் வாடகைக்குத் தாறேன்னு 2022-ல ஆப்பிள்காரன் அமெரிக்காவுல ஒரு ஏற்பாடு பண்ணுனான். வாரத்துக்கு 49 டாலரு. வாசல்ல வந்து எறங்குனது ரெண்டு பெரிய பொட்டி, 36 கிலோ. கைக்குள்ள அடங்குற ஒரு பேட்டரிய மாத்த 36 கிலோ! ரெண்டு பேரு தூக்கி உள்ள வைக்கணும். வெள்ளைக்காரனுக்கும் நையாண்டி வரும்னு அன்னைக்கித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

எதுத்த வீட்டுப் பய ஒருத்தன் இந்த வேலைய ஆரம்பிச்சான். திண்ணையில நானும் உக்காந்து பாத்தேன். வட்ட லைட்டு ஒண்ணு, வீடியோ எடுக்க அவன் தங்கச்சி, தலைமுடி காய வைக்க மிசினு எல்லாம் தயாரு. எப்படிச் செய்யணும்னு வீடியோ போட்டுப் பாத்துக்கிட்டே செய்வானாம். எதுல பாக்கான்னு நெனைக்க? தொறக்கப் போற அதே போனுல! மொதல் ஸ்குரூவுலயே படம் நின்னுபோச்சு.

நீயாவது மொதல்ல இன்னொரு போனை எரவல் வாங்கு. இல்ல, ஒரு நோட்டுல எழுதிக்கோ.

போனுல சார்ஜ் நெறைய வச்சுக்கிட்டுத் தொறக்காத. 25 சதவீதத்துக்குக் கீழ எறங்கட்டும். ஏன்னு கேளு. 5000 எம்ஏஎச் பேட்டரின்னு பெருமையாச் சொல்லுதேல்ல, அதுல 19 வாட் அவர் கரண்டு அடைஞ்சு கெடக்கு. வீட்டுல எரியுத 9 வாட்ஸ் எல்இடி பல்பு ரெண்டு மணி நேரம் எரியக் காணும். அம்புட்டும் ஒரே மூச்சுல வெளிய வந்தா ஒன் மீசை என்ன ஆகும்? ரெண்டு தகடு சொன்னேன்லா, அதுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக்குத் தாளு. தலைமுடி கனங்கூடக் கெடையாது. உள்ள ஊறிக் கெடக்க திரவமோ தீப்பிடிக்கக் கூடியது. திருப்புளி முனையால அந்தத் தாளைக் கிழிச்சேன்னா ரெண்டும் ஒட்டிக்கிட்டுத் தானாச் சூடேறும். பெறவு யாரு சொன்னாலும் நிக்காது. அதான் பக்கத்துல ஒரு வாளி மணல் வைக்கச் சொல்லுதேன். வட்ட லைட்டுக்கு எடம் இருக்கு, மணல் வாளிக்கு எடமில்லையா?

சிம்மு தட்டை வெளிய எடு. போனை அணை. பின்மூடி ஓரத்தைச் சூடு காட்டு. தொட்டா விரலை வெடுக்குன்னு எடுக்கணும், அம்புட்டுச் சூடு போதும். தோசைக்கல்லுல வைக்கணும்னு யாரும் சொல்லல. பசை எளகுனதும் மெல்லிசு பிளாஸ்டிக்குச் சில்லைச் சொருகு. பழைய ஏடிஎம் கார்டை வெட்டுனாலும் ஆகும். ஓரத்துல மட்டும் ஓட்டு, ஆழத்துல விடாத. மூடி வந்துட்டுன்னு குஷியில தூக்கி வீசிராத. சில போனுல மூடியோட சேந்து ஒரு ரிப்பன் ஒயரு வரும், விரல்ரேகை பாக்கது அது. பிஞ்சா அதுக்கொரு செலவு.

ஸ்குரூவைக் கழட்டுறதுலதான் ஆளோட கொணம் தெரியும். எல்லாம் எள்ளு அளவு இருக்கும். பாக்க ஒண்ணாத் தெரியும். ஒண்ணுல்ல. ஒண்ணு ஒரு மயிரிழை நீளம், ஒண்ணு குட்டை. ஒரு வெள்ளைத் தாள்ல போனை வரைஞ்சு, எந்த ஓட்டையிலயிருந்து எது வந்துதோ அந்த எடத்துலயே டேப்பு போட்டு ஒட்டு. குட்டை ஓட்டையில நீளத்தை முறுக்குனா அது அடியில இருக்க போர்டைத் தொளைச்சிரும். கண்ணுக்குத் தெரியாத தடம் அதுக்குள்ள அடுக்கடுக்கா ஓடுது. அறுந்தா கடைக்காரனே கையை விரிப்பான். எதுத்த வீட்டுப் பய எல்லாத்தையும் ஒரு காப்பித் தம்ளருக்குள்ள போட்டான். கடைசியில மூணு மிச்சம். "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவாப் போட்டிருக்கான் தாத்தா"ங்கான். தர்மப் பிரபு பாரு அவன்.

உள்ள எதைத் தொடுறதுக்கு முன்னயும் பேட்டரி கனெக்சனைப் பிரி. மத்ததெல்லாம் பெறவு. பிளாஸ்டிக்கு முனையால நெம்பு, இரும்பை விட்டா எங்கயாவது பட்டு எதையாவது கருக்கிரும். அடுத்தது பசை. சில போனுல இழுத்தா நீளுற நாடா இருக்கும். தாழ்வாப் பிடிச்சு, பைய, நிறுத்தாம இழுக்கணும். அவசரப்பட்டு அத்துட்டேன்னா, அல்லது நாடாவே இல்லாமப் பசைய அப்பி வச்சிருந்தான்னா, ஐபிஏன்னு விக்கிற ஸ்பிரிட்டை நாலு சொட்டு ஓரத்துல விட்டுட்டுச் சும்மா இரு. சும்மா இருக்கணும்லே. ஒனக்கு அதுதான் வராது. பொறுக்காம நெம்புவ, பேட்டரி வளையும். வளைஞ்ச பேட்டரி குத்துப்பட்ட பேட்டரிக்குச் சமானம். 115 முனையில பொறுமைக்கு ஒரு முனையும் கெடையாது.

புதுசை மாட்டி மூடுனதும் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டுக் காட்டி வித்தை பண்ணாத. பழைய பசையச் சொரண்டிட்டுப் புதுப் பசை போட்டாலும், கம்பெனி ஒட்டுன ஒட்டு திரும்ப வராது.

உப்பிப்போன பேட்டரின்னா இதுல எதையும் செய்யாத. பின்மூடி தூக்கிக்கிட்டு நிக்கா? டிஸ்பிளே ஓரத்துல வெளிச்சம் கசியுதா? உள்ள வாயு சேந்துருக்கு. சார்ஜ் போடாத, அமுக்காத, நேரா வெவரம் தெரிஞ்ச ஆள்கிட்ட கொண்டு போ. குண்டூசியால குத்திக் காத்தை எறக்கிட்டா சரியாயிரும்னு ஒரு மகராசன் எங்கிட்ட சொன்னான். ஃபிரிட்ஜுக்குள்ள வச்சா உசிரு வரும்னு இன்னொருத்தன். ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி மூணு மாசமாப் பேசிக்கிட்டு இருக்கான் ஒருத்தன். படிச்ச பயலுவதான் எல்லாரும். காப்பி ஆறிப்போச்சுன்னா மட்டும் சண்டைக்கு வருவானுவ.

பேட்டரி வாங்குறதுல ஒன்னை ஏமாத்துறது சுலபம். ஒரே நீள அகலம், ஒரே தடிமன், கம்பெனி போட்டது 4000. ஆன்லைன்ல எவனோ ஒருத்தன் அதே அளவுக்குள்ள 6500 அடைச்சுத் தாரானாம், அதுவும் பாதி விலைக்கு. இதுக்கு நோபல் பரிசு அவனுக்குல்லா குடுத்திருக்கணும்? ஸ்டிக்கர்ல நம்பரு அடிக்க மையிதான் செலவு. கடையில கேட்டா, "ஒரிஜினல் இருக்கு, ஒரிஜினல் மாதிரி இருக்கு, கம்பெனி ஒரிஜினல் இருக்கு"ங்கான். எது ஒரிஜினல்னு கேட்டேன். "ஒங்க பட்ஜெட்டைச் சொல்லுங்க தாத்தா"ங்கான். செஞ்ச தேதியப் பாரு. குடோன்ல ரெண்டு மூணு வருசம் கெடந்தது புதுசு ஆகாது, கெடந்த எடத்துலயே வயசாயிருக்கும். ஐபோனுக்கு வெளிய வாங்கிப் போட்டா, இது எனக்குத் தெரியாத சாமானு, உறுதி சொல்ல முடியாதுன்னு போனே எழுதிக் காட்டும். நீ காசு குடுத்து வாங்குன போனு, ஒன்னையே சந்தேகப்படும்.

எனக்கு என்ன தோணுது தெரியுமா? கண்ணாடி முதுகு வச்ச போனுன்னா கடையில குடு. சென்னையில ரிட்சி தெருவுல போயிப் பாரு, இல்ல நம்ம டவுனு பஸ் ஸ்டாண்டு ஓரத்துலயே பாரு. மூணடிக்கு மூணடிக் கடை. ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, சூடு காட்டுற மிசினு. பத்தாப்பு தாண்டாத பையன் ஒன்கூடப் பேசிக்கிட்டே பின்மூடிய உரிச்சு, ஸ்குரூவ வரிசையா வச்சு, பேட்டரிய மாத்தி, தொடச்சு நீட்டிருவான். ஏப்ரான் போட மாட்டான். வீடியோ எடுக்க மாட்டான். அவன் கைய மட்டும் பாரு. எங்கயும் முரட்டுத்தனம் இருக்காது. பேட்டரிக்குச் சொல்லுத விலையில அம்பது ரூவா கொறைக்க அவன்கிட்ட மல்லுக்கட்டாத. நீ தொலைக்கப் போற மூணு ஸ்குரூவுக்கு அது கொறச்சல்தான். கண்ணு முன்னால மாத்தச் சொல்லு, எத்தனை மாசம் வாரண்டின்னு பில்லுல எழுதி வாங்கு. நாளைக்கு வாங்க, வச்சுட்டுப் போங்கன்னா எழுந்திரிச்சு வந்துரு.

பழைய போனு, பத்து வருசத்துக்கு முன்ன உள்ளது, வீட்டுல சும்மா கெடக்கா? அதுல கைப்பழகு. ஒருத்தன் கைத்தொழில் கத்துக்கிடுறதை நான் என்னைக்கும் பழிக்க மாட்டேன். கத்துக்கிடுறதுக்கு முன்னயே கத்துக் குடுக்க வீடியோ எடுக்காம் பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு முட்டுது.

ஐரோப்பாவுல சட்டம் போட்டுட்டான். 2027 பிப்ரவரி 18-ல இருந்து, வாங்குனவனே சுளுவாக் கழட்டி மாட்டுற மாதிரிதான் பேட்டரி வைக்கணுமாம். அதுலயும் ஒரு சந்து விட்டிருக்கான். தண்ணி தாங்குற போனா இருந்து, 1000 தடவை சார்ஜ் போட்ட பெறவும் 80 சதவீதம் பிடிக்கும்னு காட்டுனா, ஒட்டிக்கிடலாமாம். எந்தச் சட்டத்துக்குத்தான் சந்து இல்ல? நெதர்லாந்துல ஃபேர்ஃபோனுன்னு ஒரு கம்பெனி. சட்டம் வாரதுக்கு முன்னயே கையால கழட்டுற பேட்டரி வச்சு வித்திருக்கான். அவனுக்கு மட்டும் எப்படி முடிஞ்சுதுன்னு பெரிய கம்பெனிக்காரன்கிட்ட கேட்டா பதில் வராது. ஆப்பிள்காரன் மூளைய வேற பக்கம் செலவழிச்சான். 2024-ல வந்த ஐபோன் 16-ல பசைக்குள்ள கரண்டு விட்டா, ஒண்ணரை நிமிசத்துல பசை பிடிப்பை விட்டுருமாம். கரண்டுக்கு என்ன செய்யணும்? ஒரு 9 வோல்ட்டு பேட்டரிய எடுத்து ரெண்டு முனையிலயும் தொட வைக்கணும். பேட்டரியக் கழட்ட இன்னொரு பேட்டரி! நகத்தால தொறந்ததை விட்டுட்டு இருவது வருசம் சுத்தி வந்து சேந்த எடம் இது.

போலே, போயி ஒன் சோலியப் பாரு. ஒண்ணு மட்டும் மறந்துராத. கழட்டுன பழைய பேட்டரியக் குப்பையில போட்டுராத, லாரியில நசுங்கித் தீப்பிடிக்கும். முனையில ஒரு டேப்பு ஒட்டி, கடைக்காரன்கிட்டயோ ஈ-வேஸ்ட்டு வாங்குறவன்கிட்டயோ குடு. வீட்டுல எங்கயும் வைக்காத. ஒங்க ஆச்சி கண்ணுல பட்டுச்சுன்னா, பழைய இரும்புக்காரன்கிட்ட பேரம் பேசி ஒரு பிளாஸ்டிக்குக் குடம் வாங்கிருவா. போன மாசம் ஒங்கப்பன் ரிப்பேருக்கு வச்சிருந்த நல்ல போனு ஒண்ணு அப்படித்தான் போச்சு. அந்தக் கொடத்துலதான் இப்போ தண்ணி குடிக்கான்.